டி.வி. இல்லாதவன் வாங்கிய ரிமோட்

ஐயாதுரை வீட்டில் டி.வி. கிடையாது. இருந்த ஒரு ரேடியோவும் கெட்டுப்போய் அலமாரி மேல் கிடந்தது. இருந்தும், ராத்திரி ஷிப்ட் முடிந்து குளித்தும் குளிக்காததுமாக, காது மடலில் பஞ்சுத் தூசி ஒட்டியபடியே, ரிமோட் வாங்குவதற்கென்று ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினான்.

ராஜபாளையத்தில் ரிமோட் விற்காமல் இல்லை. தென்காசி ரோட்டிலேயே கடைகள் உண்டு. ஆனால் அந்தக் கடைக்காரர்களில் ஒருவன்தான் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய்ச் சித்திக்கு வயர் இழுத்துக் கொடுத்தவன். இன்னொருவன் அவளுக்குக் கேபிள் கொடுப்பவனின் மச்சான். இவன் கடையை விட்டு இறங்குமுன் சேதி சித்தி வீட்டுக்குப் போய்விடும். சித்திக்குத் தெரியக்கூடாது. அவளுடைய சத்தத்தை அடக்கத்தான் ரிமோட்டே.

பகலில் தூங்குகிறவனை ஊர் மதிப்பதில்லை. ராத்திரி ஒருவன் தூங்கினால் வருகிறவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான். பகலில் தூங்கினால் உப்பு விற்பவன் ஜன்னலைத் தட்டிக் கூப்பிடுவான். மில்லில் ஐயாதுரைக்கு நிரந்தர ராத்திரி ஷிப்ட். கார்டிங் மிஷினில் வேலை. பஞ்சுச் சுருளை ஊட்டி விட்டு, மிஷின் உரித்துத் தருவதைக் கவனித்து நிற்க வேண்டும். நிற்கிறவன் கண் அசந்தால் மிஷின் கண் அசராது. போன மாதம் பக்கத்து மிஷின் மாரிச்சாமி நின்றபடியே தூங்கி இரண்டு விரலைக் கொடுத்துவிட்டான். விரலைப் பஞ்சோடு சேர்த்து அள்ளினார்கள். அதற்குப் பிறகு மேஸ்திரி ஐயாதுரையை இரண்டு தடவை பெல்ட் ஓரத்தில் தூங்கி விழுகையில் பிடித்துவிட்டார். மூன்றாவது தடவை கேட்டுக்கு வெளியேதான் என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. மறுபடியும் விரல் பொறுக்க அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மலையடிப்பட்டிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தான். எல்லா வீட்டுக்கும் ஓட்டுக் கூரை ஒன்று. நடுவில் சுவர்கள்தான் தனித்தனி. அந்தச் சுவர்களும் கூரையைத் தொடாமல், ஒரு ஆள் தலையை நுழைக்கிற அளவு இடைவெளி விட்டு நின்றுவிடும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் சித்தி வீட்டுச் சத்தம் வந்தது.

சண்முகத்தாய் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பேண்டேஜ் துணித் தறி ஓட்டியவள். முட்டி தேய்ந்து நின்றுவிட்டாள். ஒரே மகன் சவுதியில். போன லீவில் வந்தபோது பெரிய டி.வி., வி.சி.ஆர்., டேப் டெக், அதற்கு முழங்கால் உயரத்தில் இரண்டு சவுண்ட் பெட்டி எல்லாம் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கிவிட்டு, டெக்கின் ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் தன் போட்டோவுக்குக் கீழே ஆணியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனான். அதை யாரும் தொடுவதில்லை. சித்தி கையாலேயே திருகுவாள். டெக்கின் முகத்தில் பச்சையும் சிவப்புமாகச் சத்தத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும் விளக்கு வரிசை உண்டு. சிவப்பு விளக்கு உச்சிக்குப் போகும்வரை திருகிவிட்டுத்தான் உட்காருவாள். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை. ஐயாதுரையின் கட்டிலுக்கடியில் சொம்பு தானாக நகரும்.

கேட்காமல் இருப்பானா? நயமாகக் கேட்டுப் பார்த்தான். அவன் வாயையே கூர்ந்து பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சித்தி சிரித்தாள்.

“இதாலே சத்தம்? தறிச் செட்டுக்குள்ள ஒரு நா வந்து நில்லு. பொறவு இது தாலாட்டு மாதிரி இருக்கும்.”

குறைப்பாள். செத்த நேரம் கழித்து விளக்கைப் பார்த்து ஏற்றிவிடுவாள்.

சண்டைக்குப் போக முடியாது. அவன் பெண்டாட்டி செல்லக்கனி காலையில் தறிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதுவரை அவர்கள் மகளைப் பார்த்துக்கொள்வது சித்திதான். பிள்ளைக்குச் சுடலைமாடத்தி என்று பேர். கூப்பிடுவது குட்டி. ஒன்றரை வயது. சித்தி பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவாள், கழுவி விடுவாள், பின்கட்டில் சேலையில் தொட்டில் கட்டித் தூங்கப் போடுவாள். அந்தக் கூச்சலில் பிள்ளை எப்படித்தான் தூங்கியதோ, தூங்கியது. சித்தியிடம் வாயைக் கொடுக்காதே என்று செல்லக்கனி திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டாள். அவிய கோபிச்சுக்கிட்டா குட்டியைத் தறிக்கட்டையிலயா கட்டிப் போட என்று கேட்டாள்.

வேறு இடங்களில் படுத்துப் பார்த்தான். மில் ஷெட்டில் மூட்டைப்பூச்சி. மகாராஜபுரத்தில் அக்கா வீடு இருந்தது. போகவர நேரம் தின்றதுபோகத் தூங்க மிச்சமில்லை. செண்பகத்தோப்பு வரை சைக்கிள் மிதித்துப் போய் ஒரு மாமரத்தடியில் கண்ணயர்ந்தான். மாங்காய் திருட வந்தவன் என்று காவல்காரன் எழுப்பிவிட்டான். தலைக்குள் ஈ புகுந்த மாதிரி எப்போதும் ஒரு ரீங்காரம். சோற்றைப் பிசைந்துவிட்டு எதற்குப் பிசைந்தோம் என்று உட்கார்ந்திருப்பான்.

அப்போதுதான் கேபிள்காரன் வந்தான். சட்டைப் பையில் ஒரே ஒரு ரிமோட். அதை வைத்துக்கொண்டே லைன் வீட்டின் எல்லா டி.வி.யையும் வாசலில் நின்றபடி மாற்றிவிட்டுப் போனான். எந்தக் கம்பெனிச் செட்டானாலும் இது ஒன்று போதும் என்று யாரிடமோ பெருமை பேசினான். ஐயாதுரை ஜன்னலுக்குள் இருந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பீர் மைதீன் கடை மடவார் வளாகம் போகிற தெருவில் இருந்தது. முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் வயிறு பிளந்து கிடக்கும் டி.வி.கள். பீர் மைதீனுக்கு வாய் ஓயாது. ரிமோட் என்றதும் மூன்றை எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, செட்டு என்ன கம்பெனி என்று கேட்டார்.

ஐயாதுரை உள்ளங்கையை விரித்தான். முந்தின நாள் பிள்ளையைத் தூக்கப் போகிற சாக்கில் சித்தி டி.வி.யின் நெற்றியில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளைப் பேனாவால் கையில் வரைந்து வந்திருந்தான். ராத்திரி வேர்வையில் பாதி அழிந்துவிட்டது.

பீர் மைதீன் அந்தக் கையைப் பிடித்துக் கைரேகை பார்ப்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணாச்சி, ஆயுசு கெட்டி. செட்டு பேருதான் தெரியல. சொந்தச் செட்டுதானா?”

“சித்தி செட்டு.”

“பழைய ரிமோட்டு?”

“தண்ணியில விழுந்துட்டு.”

ரிமோட்டெல்லாம் ஏன்தான் தண்ணியைத் தேடிப் போகுதோ என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த எழுத்துகளை வைத்து ஒருவழியாக ஊகித்து, டி.வி.க்கு மட்டுமான சின்ன ரிமோட்டைக் கொடுத்தார். பட்டனை அமுக்கிப் பிடித்தால் உள்ளே நம்பர் நம்பராக ஓடும், செட்டு எந்த நம்பருக்குக் காது கொடுக்கிறதோ அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று காட்டினார். காட்டியபோது கடையில் இருந்த டி.வி.கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

“ஒரு விசயம். இது பக்கத்து வீட்டுச் செட்டையும் பிடிக்கும். சண்டை வந்துராம.”

ஐயாதுரை தலையைக் குனிந்துகொண்டு பேட்டரி போடச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து கட்டில் மேல் டிரங்குப் பெட்டியை வைத்து அதன் மேல் ஏறினான். சுவருக்கு மேல் தலை நீட்டினால் சித்தியின் முதுகும், அதற்கு எதிரே டி.வி.யும் தெரிந்தன. பொம்பளை இருக்கிற வீட்டை எட்டிப் பார்ப்பதில் வெட்கமாகத்தான் இருந்தது. செல்லக்கனி பார்த்தால் தொலைந்தான். ரிமோட்டை மட்டும் உயர்த்தி நீட்டிப் பட்டனை அமுக்கிப் பிடித்தான்.

படம் போனது. சத்தம் போகவில்லை. இருட்டுக் கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ கதறி அழுதார்கள்.

படம் போன மாத்திரத்தில் சித்தி எழுந்தாள். டி.வி. மண்டையில் ஒரு போடு போட்டாள். பட்டனைத் தட்டிப் படத்தைக் கொண்டுவந்துவிட்டு உட்கார்ந்தாள். அவன் சத்தத்துக்கான பட்டனை அமுக்கினான். டி.வி.யில் பச்சைக் கோடுகள் குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போயின. சத்தம் அதே சத்தம். மறுபடி அணைத்தான், அவள் மறுபடி எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூன்றாம் தடவை அமுக்க அவனுக்கு மனசு வரவில்லை. டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கும் தூக்கமில்லை. ராத்திரி கார்டிங் மிஷின் முன்னால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு நின்றான்.

மறுநாள் திரும்பவும் ஸ்ரீவில்லிபுத்தூர். பீர் மைதீன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னதில் விசயம் வெளியே வந்தது. டி.வி.யில் வெறும் படம்தான். கேபிள் வி.சி.ஆருக்குள் போகிறது, அங்கிருந்து சத்தம் தனி வயரில் டெக்குக்குப் போய்ப் பெட்டி வழியாக வருகிறது. டெக்கைப் பிடிக்காமல் சத்தத்தைப் பிடிக்க முடியாது.

“மூணு மிஷினுக்கும் ஒரே ரிமோட்டு வேணும். அதுல ரெண்டு சாதி இருக்கு,” என்று பீர் மைதீன் எடுத்து வைத்தார். ஒன்று, கை கொள்ளாத நீளம், வெள்ளை நிறம், எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. பெரிய கம்பெனிச் செட்டுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும், ஆனால் சவுதியில் விற்கிற ஊர் பேர் தெரியாத டெக்குக்குக் கேட்காது. இன்னொன்று கறுப்பு, மெட்ராஸில் பர்மா பஜாரில் எடுத்தது. பட்டன்களில் எழுத்து பாதி அழிந்திருந்தது, அமுக்கினால் நறநறத்தது. இதற்குள் கண்ட கண்ட நம்பரெல்லாம் கிடக்கிறது, தேடிக்கொண்டே இருந்தால் எதுவும் சிக்கும், சிக்காமலும் போகும் என்றார்.

ஐயாதுரை இரண்டையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தான். வெள்ளை, பார்க்க நம்பிக்கையாக இருந்தது. மில்லில் அவன் கண்டது வேறு. பளபளவென்று வந்த மிஷின்கள் முதலில் நின்றன. கரி பிடித்துக் கிடந்தவை ஓடின. கறுப்பை எடுத்துக்கொண்டான்.

“சித்திக்குத் தெரிஞ்சு வாங்குறீகளா, தெரியாமலா?” என்று பீர் மைதீன் சிரிக்காமல் கேட்டார். அவன் ரூபாயை எடுத்து எண்ணினான். அவர் முந்தின நாள் கொடுத்த ரிமோட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, தூங்குங்க அண்ணாச்சி, கண்ணைப் பாத்தா பயமா இருக்கு என்று அனுப்பினார்.

கறுப்பு ரிமோட் லேசில் படியவில்லை. டிரங்குப் பெட்டி மேல் நின்று அமுக்கிப் பிடித்ததில் முதலில் வி.சி.ஆர். கேசட்டைத் துப்பியது. சித்தி அதை உள்ளே தள்ளிவிட்டு, கொழுப்பு என்று திட்டினாள். பிறகு கேபிளில் சானல் தாவியது, திரும்ப வந்தது. கட்டைவிரல் மரத்துப்போய்க் கையை மாற்றினான். சுவர் ஓரத்துச் சிலந்தி வலை கண்ணில் விழுந்தது. இனி ஆகாது என்று கையை எடுக்கப்போகிற நேரத்தில், டெக்கின் சிவப்பு விளக்கு சரிந்தது. பச்சையும் சரிந்தது.

சத்தம் நின்றது.

நின்றதும் அவனுக்குப் பயம் வந்தது. அவ்வளவு அமைதி. எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. தலையை இழுத்துக்கொண்டு, சித்தி எழுந்து வருவதை எதிர்பார்த்துச் சுவரோடு ஒட்டி நின்றான். எழவில்லை. டி.வி.யில் யாரோ ஒரு குண்டன் வாயை வாயை அசைத்து ஓடினான். சித்தி கெக்கெக்கே என்று சிரித்தாள். மறுபடியும் எட்டிப் பார்த்தான். ஆடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படம் போனபோது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், சத்தம் போனதற்கு அசையவில்லை.

அதை யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. இறங்கிப் படுத்தான். தலை தலையணையில் பட்டதுதான் தெரியும்.

சாயங்காலம் செல்லக்கனி உலுக்கித்தான் எழுப்பினாள். முகம் மனுச முகமாக இருக்கிறது என்றாள். பிள்ளையின் கணுக்காலில் இரண்டு மூன்று தடிப்பு இருந்தது. கொசுவாக இருக்கும் என்று சித்தி சொன்னதாகச் சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவினாள். சித்தி விளக்கு ஆடாததைக் கண்டு அந்தியில் திருகியிருப்பாள் போல, சத்தம் திரும்ப வந்திருந்தது. வந்தால் வரட்டும். அன்று ராத்திரி ஐயாதுரை கார்டிங் மிஷின் முன்னால் பாட்டுப் பாடினான். மேஸ்திரி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் குளித்துச் சாப்பிட்டு, டிரங்குப் பெட்டி மேல் ஏறி, ஒரே அமுக்கில் அடக்கிவிட்டுப் படுத்தான். ரிமோட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். நன்றாகத் தூங்கினான்.

தூக்கத்துக்குள் ஏதோ கேட்டது. மெலிசாக, விட்டுவிட்டு. மில்லில் எண்ணெய் இல்லாத சக்கரம் கத்துவது போல இருந்தது. யாராவது எண்ணெய் விடுங்களேன் என்று தூக்கத்தில் சொன்னான். சக்கரம் நிற்கவில்லை. கண் விழித்தும் கேட்டது.

குட்டியின் அழுகை. புதிதாக ஆரம்பித்த அழுகை இல்லை. அழுது அழுது தொண்டை கட்டி, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பிக்கிற அழுகை.

சித்தி தூக்குவாள் என்று காத்திருந்தான். தூக்கவில்லை. அவளுடைய சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அழுகையும் சிரிப்பும் ஒரே வீட்டுக்குள்ளிருந்து வந்தன. அவன் ரிமோட்டைக் கையில் பிடித்தது தெரியாமலேயே வெளியே ஓடினான்.

சித்தி வீட்டுக் கதவு சாத்தித்தான் இருந்தது, தாழிடவில்லை. “சித்தி” என்று கத்திக்கொண்டே உள்ளே போனான். அவள் டி.வி. பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. அவளைத் தாண்டிப் பின்கட்டுக்கு ஓடினான். சேலைத் தொட்டில் காலியாகத் தொங்கியது. ஆட்டுரலுக்கும் சுவருக்கும் நடுவில் பிள்ளை கால் சிக்கி உட்கார்ந்திருந்தது. காலெல்லாம் கட்டெறும்பு. இழுத்துத் தூக்கி, எறும்பை உதறி, கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். கணுக்காலிலிருந்து தொடை வரை தடித்திருந்தது. நேற்று கொசு என்றது இதைத்தான். நேற்றும் பிள்ளை இங்கேதான் கத்தியிருக்கிறது. நேற்று அவன் தூங்கினான்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்தியின் பின்னால் வந்து நின்றான். குட்டி அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி வீறிட்டது. சித்தி டி.வி.யைப் பார்த்தபடி மூக்கைச் சொறிந்தாள்.

அவன் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். அவள் திடுக்கிட்டு அவன் வாயைப் பார்த்தாள். அவன் குரலை எடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்தான். மில்லிலும் தறிச் செட்டிலும் எல்லாரும் பேசுகிற பேச்சுதான் அது, மிஷின் சத்தத்தில் தொண்டையால் பலனில்லை.

பிள்ளை அழுதது கேக்கலையா என்று உதடு கேட்டது.

“இப்பத்தான தூங்கப் போட்டேன்,” என்று சித்தி வாய்விட்டுப் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. டெக்கைத் திரும்பிப் பார்த்தாள். விளக்குகள் அணைந்து கிடந்தன. பிறகு அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“நீதானா.”

அவன் ஆமாம் என்று தலையசைத்தான்.

சித்தி குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவளுடைய பெருவிரலில் ஒரு பேண்டேஜ் நாடா கட்டியிருந்ததை அப்போதுதான் ஐயாதுரை கவனித்தான். அது தரையோடு ஓடிப் பின்கட்டுக்குப் போய்த் தொட்டில் முடிச்சில் சேர்ந்தது.

“எப்ப போச்சுன்னு எனக்கே தெரியாதுலே. தறிய விட்டு நின்ன பொறவும் உள்ள தறி ஓடிக்கிட்டே கெடந்துச்சு. ஒரு நா அதுவும் நின்னு போச்சு. அம்புட்டுதான்.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “ஆளுக வந்து கூப்பிடுவாக. நான் திரும்பலேன்னா, டி.வி. சத்தத்துல கேக்கலபோலன்னு அவியளே சொல்லிக்கிடுவாக. நான் ஒரு பொய்யும் சொல்லல.”

அப்ப பிள்ளைக்கு, என்று அவன் உதட்டால் கேட்டான்.

அவள் காலை நீட்டி நாடாவைக் காட்டினாள். “அசைஞ்சா இழுக்கும். கனாக் கண்டாக்கூட எனக்குத் தெரிஞ்சுரும். இத்தன நாளா ஒரு குறை உண்டா?”

“தொட்டில் காலியா கெடக்கு. காலி தொட்டில் இழுக்குமா?” இந்தத் தடவை அவன் சத்தமாகவே சொன்னான். குட்டி மறுபடி அழ ஆரம்பித்தது. அவன் பிள்ளையின் காலைத் தூக்கிக் காட்டினான்.

சித்தி கையை நீட்டி அந்தத் தடிப்புகளைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரல் அங்கேயே நின்றது.

“ஒரு இழுப்பு இழுத்துட்டு நின்னுச்சு, பிள்ளை பொரண்டு படுக்குதுன்னு இருந்துட்டேன். இறங்கப் படிச்சுட்டாளா,” என்றாள். பிறகு, “செல்லக்கனிகிட்டச் சொல்லாதலே. இனிமே மடியிலயே போட்டுக்கிடுதேன். தெரிஞ்சா பிள்ளையை விடமாட்டா. அவளும் தறிக்குப் போக முடியாது. எம் மகனும் என்னைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுருவான். அந்தச் சத்தத்தைப் போடு.”

ஐயாதுரை ரிமோட்டைப் பார்த்தான். ஒரு பட்டன். போட்டால் நேற்றைக்கு முந்தினநாள் எப்படியோ அப்படியே ஆகிவிடும். சித்திக்கு மறைவு. செல்லக்கனிக்கு வேலை. அவனுக்குத் தூக்கம் போய்விடும், விரலும் போகலாம். அது அவன் பாடு. ஆனால் பிள்ளை ஆட்டுரல் இடுக்கில் கிடந்து கத்தினால் ஊரில் ஒருவனுக்கும் கேட்காது. போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்கத் தொடங்கினான், யோசனை பாதியில் அறுந்தது. தூக்கம் பாதியில் கெட்ட தலை எதையும் முழுசாகப் பிடித்து வைக்கவில்லை.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம்.

செல்லக்கனி நிலைப்படியில் நின்றாள். தலையெல்லாம் நூல் தூசி. நூல் இல்லாமல் இன்றைக்குத் தறியைச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்களாம், வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் சித்தியின் முதுகுக்குப் பின்னால். சித்திக்கு எதிரே ஐயாதுரை.

“அத்தை, என்ன அதிசயமா டி.வி. பேசாம கெடக்கு?”

சித்தி திரும்பவில்லை. ஐயாதுரையின் கண் தன்னைத் தாண்டிப் போனதை வைத்துப் பின்னால் ஆள் வந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. யார், என்ன கேட்டார்கள் என்பது தெரியவில்லை. அவன் வாயையே பார்த்தாள்.

“அத்தை.”

வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. டி.வி.யில் ஒருத்தி ஓசையில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, என்மேல கோபமா? ஏன் பேச மாட்டேங்கீக?”

ஐயாதுரையின் கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது. அமுக்கவே வேண்டாம். உதட்டை லேசாக அசைத்து, செல்லக்கனி வந்துருக்கா, டி.வி.யைக் கேக்கா என்று சொன்னால் போதும். சித்தி திரும்பி, செட்டு ரிப்பேருட்டி என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள். அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாள். அவள் கண் அவன் உதட்டை விட்டு நகரவில்லை.

அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். விரலையும் எடுத்துவிட்டான்.

செல்லக்கனி உள்ளே வந்தாள். பிள்ளையின் காலைப் பார்த்தாள். பின்கட்டில் காலித் தொட்டிலைப் பார்த்தாள், அங்கிருந்து தரையோடு வந்த நாடாவைப் பின்தொடர்ந்து சித்தியின் கால் விரலுக்கு வந்து சேர்ந்தாள். சித்தி அண்ணாந்து அவளைப் பார்த்தாள்.

“ஏட்டி,” என்றாள் சித்தி. “எனக்குக் காது கேக்காது.”

குட்டி விக்கிக்கொண்டிருந்தது. செல்லக்கனி பிள்ளையை வாங்கிக்கொண்டு சித்திக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

சித்தி ஐயாதுரை பக்கம் திரும்பினாள். “நீ போலே. போய்த் தூங்கு. அதுக்குத்தான இம்புட்டும் செஞ்ச.”

அவன் போனான். கட்டிலின் கால்மாட்டில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டுப் படுத்தான். இடுப்பில் செருகியிருந்த ரிமோட் குத்தியது. எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தான். சொம்பு வைத்த இடத்தில் அசையாமல் இருந்தது.

எந்தச் சத்தமும் இல்லை. அவன் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். செல்லக்கனி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். அழுவாள் என்று எதிர்பார்த்தான். சுவருக்கு மேலிருந்து ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. செல்லக்கனியும் தறிக்காரி. இரண்டு பேரும் உதட்டாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பிள்ளையை யார் பார்ப்பது, அவள் வேலைக்குப் போவாளா, சித்தி இங்கேயே இருப்பாளா என்பதெல்லாம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் முடிவாகிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

எழுந்து டிரங்குப் பெட்டியின் மேல் ஒரு காலை வைத்தான். வைத்த காலை எடுத்துவிட்டு மறுபடி படுத்தான். புரண்டான். நாடா தரையில் இழுபடுவது போல ஏதோ கேட்டது, பிறகு அதுவும் இல்லை. குட்டி ஒருதடவை சிரித்தது, அல்லது விக்கியது. எது என்று தெரியவில்லை.

ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோது அவன் கண் திறந்தே இருந்தது.